சங்கு நின்ற இடத்தில் இனி என்ன? வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், மூடிக் கிடக்கும் ஆலை நிலங்களைப் பற்றி நான் எழுதிய ஒரு பக்கக் குறிப்பைப் படித்துவிட்டு நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் பெங்களூரில், மாகடி சாலைப் பக்கம் ஒரு மில் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா தறி ஓட்டியவர். நான் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, வங்கிகளுக்காக நிலம், ஷெட், கட்டடம் மதிப்பிடும் வேலையை 29 வருடம் பார்த்தேன். மூடின ஆலையின் பூட்டை உடைத்து, பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதி, முதல் ஆளாக உள்ளே நுழைகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன்.

ஒருகாலத்தில் எங்கள் பகுதியில் காலையில் நாலு பக்கமும் மில் சங்கு கேட்கும் என்பார் அப்பா. இன்று அந்த இடமெல்லாம் மால், அபார்ட்மென்ட். மும்பையில் ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு பூங்காவுக்கு என்று சட்டமே இருந்ததாமே? இங்கே ஏன் அப்படி எதுவும் இல்லை?
— வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

உங்கள் அப்பா மிகைப்படுத்தவில்லை, ஐயா. பின்னி, மினர்வா, ராஜா மில் எல்லாம் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பின்னியின் பெங்களூர் ஆலை 1884-ல் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்த நம் ஆட்களின் மூன்று தலைமுறை அதில் வாழ்ந்தது. மினர்வா மில் பெயர் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றமும் கை வைக்க முடியாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த வழக்கு, அரசு எடுத்துக்கொண்ட இந்த ஆலையைப் பற்றியதுதான். ராஜா மில் நின்ற இடத்தில் இப்போது மந்திரி மால். எதிரே இருக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் மாலின் பெயரைத்தான் வைத்தார்கள். அந்த நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். சம்பிகே சாலை என்று மட்டும் வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் ராஜா மில் என்றே வைத்திருக்கலாம்.

மும்பை விஷயத்துக்கு வருகிறேன். 1982 ஜனவரி 18-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஜவுளி ஆலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதற்குப் பிறகு பல ஆலைகள் எழுந்திருக்கவே இல்லை. பரேல், லால்பாக், வொர்லி என்று ஊரின் நடுவில் ஏறக்குறைய 600 ஏக்கர் ஆலை நிலம். 1991-ல் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 வந்தது. உரிமையாளர் நிலத்தை விற்கலாம், கட்டலாம். ஆனால் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, திறந்தவெளியாக. ஒரு பங்கு வீட்டு வாரியத்துக்கு. ஒரு பங்குதான் உரிமையாளருக்கு. நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

2001-ல் அந்த விதியைத் திருத்தினார்கள். பங்கு போடுவது முழு நிலத்தையல்ல, கட்டடம் எதுவும் இல்லாத காலி நிலத்தை மட்டும் என்று ஆயிற்று. ஆலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று உடனே புரியும். ஆலை நிலத்தில் காலியிடம் எங்கே இருக்கிறது? சுவரிலிருந்து சுவர் வரை ஷெட்தான். ஷெட் நின்ற இடத்தைக் கழித்தால் ஊருக்கு மிஞ்சுவது கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவிலிருக்கும் சந்து. உயர் நீதிமன்றம் 2005-ல் ஊர் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றுவிட்டது. இதற்கு நடுவில் தேசிய ஜவுளிக் கழகம் தன் ஆலைகளை ஏலம் விட்டது. ஒரு ஆலை மட்டும் 702 கோடி ரூபாய்க்குப் போனது.

ஆகையால் சட்டம் இருந்ததா என்பதோடு நின்றுவிடாதீர்கள். சட்டத்தில் "நிலம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் எழுதியிருக்கிறது என்றும் கேளுங்கள். நம் ஊரில் தொழில் மண்டலமாகக் குறித்த நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற வேண்டுமானால் ஆட்சேபம் கேட்டு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பை நம்மில் ஒருவர்கூடப் படிப்பதில்லை. அஸ்திவாரம் தோண்டிய பிறகுதான் கூட்டம் சேர்க்கிறோம். உங்கள் பகுதியில் இன்னும் இரண்டு மூன்று பழைய காம்பவுண்டுகள் மிச்சமிருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியாவது ஏதாவது செய்கிற இடமாக, தைக்கிற, கடைகிற, பொருத்துகிற இடமாக இருக்க வேண்டும் என்று அந்த அறிவிப்பு வரும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

அம்மா முறுக்கு, சீடை, தட்டை போட்டு நாற்பது கடைகளுக்குக் கொடுக்கிறோம். வீட்டில் இடம் போதவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பழைய பிளேட்டிங் ஷெட் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆறு வருடமாக மூடிக் கிடந்ததாம். வெள்ளையடித்துக் கொடுக்கிறேன் என்கிறார் உரிமையாளர். எடுக்கலாமா, மேடம்?
— வாசகர், தாசரஹள்ளி, பெங்களூரு

தம்பி, இந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்தப் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998-ல் நானும் ஒரு குரோம் பிளேட்டிங் யூனிட்டை, அதாவது உலோகச் சாமான்களுக்கு குரோம் முலாம் பூசும் இடத்தை, மதிப்பிடப் போனேன். பெயர் வேண்டாம். தொட்டிகளைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். தொட்டி நின்ற இடத்தில் தரை மஞ்சளும் பச்சையுமாக, பூசணிக்காய்த் தோல் மாதிரி இருந்தது. சிமென்ட் பெயர்ந்து, விளிம்பில் உப்புப் பூத்திருந்தது. நான் டேப்பை விரித்தேன். நீளம், அகலம், உயரம், கூரை ஆஸ்பெஸ்டாஸ், வயது 17 வருடம் என்று எழுதினேன். மண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. பத்து வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அங்கே வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தண்ணீர் லாரி. போர்வெல் இருக்கிறதே என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். உள்ளே போய் ஒரு டம்ளரில் பிடித்து வந்து காட்டினார். எலுமிச்சை ஜூஸ் மாதிரி இருந்தது. இதில் பாத்திரம் கழுவலாமா என்று என்னைக் கேட்டார். அந்த டம்ளரை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த மஞ்சள்தான் ஆறு இணைதிறன் குரோமியம். வெறும் துருக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். புற்றுநோய் தரக்கூடியது, தண்ணீரில் சுலபமாகக் கரைந்து நிலத்தடிக்கு இறங்கிவிடும். குடிநீரில் மொத்த குரோமியம் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தரம். நிறம் கண்ணுக்குத் தெரிகிற அளவு என்றால் அது எப்போதோ எல்லை தாண்டிவிட்டது. நிறம் தெரியவில்லை என்பதால் நல்ல தண்ணீர் என்றும் ஆகிவிடாது. பீன்யா நிலத்தடி நீரில் இந்தப் பிரச்சினை இருப்பது பல ஆய்வுகளில் வந்ததுதான். ரயிலில் சென்னை போகும்போது வாலாஜா ரோடு தாண்டுவீர்களே, அதை ஒட்டிய ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை மூடிப் பல வருடமாகியும் அதன் கழிவு 2 லட்சம் டன்னுக்கும் மேல் அங்கேயே குவிந்து கிடந்ததை நம்மவர்கள் எல்லோரும் அறிவோம். ஆலைக்குப் பூட்டுப் போடலாம். அதன் மண்ணுக்குப் போட முடியாது.

உணவுத் தொழில் என்பதால் என் பதில்: பிளேட்டிங் ஷெட் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று மனம் அடித்துக்கொண்டால், சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொட்டி நின்ற இடம், கழிவுநீர் ஓடிய வாய்க்கால், பின்பக்கம் சகதி கொட்டிய மூலை ஆகிய மூன்றிலும் மண் எடுக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் காட்டுகிற நல்ல இடத்தில் மட்டும் எடுத்தால் பயனில்லை. போர் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து குரோமியம், நிக்கல், சயனைடு பார்க்கச் சொல்லுங்கள். முன்பு அங்கே என்ன தொழில் நடந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பழைய அனுமதிக் கடிதத்தில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். "தொலைந்துவிட்டது" என்றால் அதுவே ஒரு பதில்தான். வெள்ளையடிப்பது சுவருக்கு மட்டும்.

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடத்தைச் சோதித்து, மாசு உறுதியானால் மாசாக்கியவர் செலவிலேயே சுத்தம் செய்ய வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதை நம்பி அம்மா அடுப்பு வைக்கக் கூடாது.

இன்னொன்று, எந்த ஷெட் எடுத்தாலும்: முன்பு இருந்தவர் வைத்துவிட்டுப் போன மின்கட்டணப் பாக்கி. பழைய பாக்கிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மின் வாரிய விதியில் இடம் இருந்தால், பாக்கியைத் தீர்த்தால்தான் புதிய இணைப்பு என்று நிலத்தை வாங்கிய புதியவரிடமும் சொல்லலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் பெஸ்காமில் (பெங்களூர் மின் விநியோக நிறுவனம்) பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கிய பிறகே பேச்சு. தாசரஹள்ளியிலேயே தையல் யூனிட் காலி செய்த ஷெட்டுகள் நிறைய இருக்கின்றன. வாடகை அதிகம்தான். அங்கே தரையில் நூல்தான் கிடக்கும்.

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. என் வீட்டுக்காரர் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூர் போய் இரவில் திரும்புகிறார். மகனும் அதே ரயில். எங்கள் ஊருக்கு எந்தக் கம்பெனியும் வரவே வராதா, அக்கா?
— வாசகி, மாரிக்குப்பம்

அந்த ரயிலில் நானும் பல தடவை வந்திருக்கிறேன், அம்மா. பங்காருப்பேட்டை தாண்டும்போதே பாதி பேர் தூங்கிவிடுவார்கள். ஒயிட்ஃபீல்டு வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து நிற்பார்கள். தூக்கத்திலேயே ஊர் எண்ணப் பழகிவிட்ட உடம்பு.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். 1880-ல் ஆரம்பித்த வேலை. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இழுத்தது பெங்களூருக்கு முன்னால் உங்கள் ஊருக்குத்தான். அவ்வளவு பெரிய தொழில் ஒரே நாளில் நின்ற ஊருக்கு அடுத்த தொழில் தானாக வராது. ஏன் வரவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்களை நேராகச் சொல்கிறேன்.

நிலம் ஒருவர் கையில் இல்லை. சுரங்கக் கம்பெனி நிலம், மத்திய அரசு, மாநில அரசு, வழக்கு என்று பத்திரம் தெளிவாகாத இடத்தில் எந்த வங்கியும் கடன் கொடுக்காது. நான் வங்கிப் பக்கத்தில் இருந்தவள், அதனால் தெரியும். அடுத்தது உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் சயனைடு மேடுகள், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண். 13 மேடு, மூன்று கோடி டன்னுக்கும் மேல். காற்று காலத்தில் அந்தத் தூள் துணி காயப்போட்ட கயிற்றில் வந்து உட்காருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது. எடுக்கட்டும், எடுத்த பிறகு மிஞ்சும் மண்ணை எங்கே, எப்படி மூடி வைப்பார்கள் என்று உங்கள் ஊர் கேட்க வேண்டும். மேலே சொன்ன 2025 விதிகள் சுரங்கத்தால் வந்த மாசுக்குப் பொருந்தாது. அதனால் திட்டத்துக்கான அனுமதியிலேயே அதை எழுதி வாங்கினால்தான் உண்டு.

நம்பிக்கை தரும் விஷயமும் இருக்கிறது. சென்னை - பெங்களூர் விரைவுச் சாலை உங்கள் பக்கத்தில் பேத்தமங்கலம் வழியாகப் போகிறது. நரசாபுராவில் ஹோண்டா வந்தது. செல்போன் தொழிற்சாலை வந்தது. அவர்கள் பஸ் வைத்து ஆள் கூட்டிப் போகிறார்கள். மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். பல வருடமாக உங்கள் ஊரில் நிற்கிறது. ஃபிட்டர், வெல்டர், டர்னர் என்று கை பழகின ஆட்கள் தெருவுக்குத் தெரு. என் கருத்து, இன்னொரு பெரிய கம்பெனி வந்து எல்லோருக்கும் வேலை தரும் என்று உங்கள் ஊர் காத்திருந்ததில்தான் இரண்டு தலைமுறை போய்விட்டது. பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி செய்து கொடுக்கும் இருபது பேர் யூனிட்டுகள் ஐம்பது வந்தாலே ஆயிரம் பேர் ரயில் ஏற வேண்டியதில்லை. அதற்குத் தேவை ஐந்நூறு ஏக்கர் இல்லை. பத்திரம் தெளிவான பத்து ஏக்கர், கூரை போட்ட ஷெட், மின்சாரம். பஞ்சாயத்திலும் எம்.எல்.ஏ.விடமும் கேட்கும்போது "கம்பெனி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், "ஷெட் வேண்டும், இத்தனை கிலோவாட் வேண்டும்" என்று கேளுங்கள். மகன் என்ன வேலை கற்றிருக்கிறான் என்று எழுதுங்கள், அம்மா. எனக்குத் தெரிந்த இரண்டு பட்டறைக்காரர்கள் மாலூரில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலை நொடித்துப்போய் நிலம் ஏலத்துக்கு வருகிறது என்கிறார்கள். எங்கள் சம்பள பாக்கி, கிராஜுவிட்டி கிடைக்குமா, அம்மா? யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை.
— வாசகர், காட்டன்பேட்டை, பெங்களூரு

ஐயா, என் அப்பாவுக்கு வர வேண்டிய கடைசித் தொகை அவர் போன பிறகுதான் வந்தது. அம்மா அந்தக் காசோலையை மூன்று நாள் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்துவிட்டுத்தான் வங்கிக்கு எடுத்துப் போனார். அதனால் உங்கள் கேள்வியை எல்லாவற்றுக்கும் முன்னால் படித்தேன்.

தனியார் கம்பெனி 2016 திவால் சட்டத்தின் கீழ் கலைக்கப்படுகிறது என்றால் நிலை இது: நடைமுறைச் செலவுகள் போக, கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய 24 மாத சம்பள பாக்கி, அடமானம் வாங்கிய வங்கிகளோடு சம வரிசையில் நிற்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில் உள்ள பணம் கம்பெனி சொத்தாகவே கருதப்படாது. கடன்காரர்கள் அதைப் பங்கு போட முடியாது. கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வட்டியும் கேட்கலாம்.

பலர் பணத்தை இழப்பது சட்டத்தால் இல்லை, தேதியால். உரிமை கோரச் சொல்லி நாளிதழில் விளம்பரம் வரும். ஆங்கிலத்தில் ஒன்று, இங்கே கன்னடத்தில் ஒன்று. நம் ஆட்கள் படிப்பதோ தமிழ்ப் பேப்பர். தெரியாமலே நாள் கடந்துவிடும். கன்னடம் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், அடையாள அட்டை, எது இருந்தாலும் நகல் எடுத்து, பழைய யூனியன் ஆட்களோடு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். ரசீது இல்லாமல் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வழக்கறிஞர் வைக்க முடியாவிட்டால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

கட்டடக்கலை படிக்கிறேன். பழைய ஆலைகளை இடிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று ப்ராஜெக்ட் செய்கிறேன். "ஓட்டை ஷெட்டை வைத்து என்ன செய்வது" என்கிறார் என் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்ல?
— மாணவி, ஜாலஹள்ளி, பெங்களூரு

அப்பாவை ஒரு நாள் மத்தியானம் பழைய மில் ஷெட் ஒன்றுக்குள் கூட்டிப்போ, கண்ணு. ரம்பப் பல் மாதிரிக் கூரை, வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி. வெயில் உள்ளே விழாது, வெளிச்சம் மட்டும் விழும். நூல் அறுந்தால் விளக்கில்லாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டியது. அந்த வெளிச்சத்தில் இன்று தைக்கலாம், பொருத்தலாம், வரையலாம். அதே வெளிச்சத்துக்குப் புதுக் கட்டடத்தில் நாள் முழுக்க மின்சாரம் செலவாகும்.

ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-ல் மூடியது. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பக்கத்து டூயிஸ்பர்க்கில் 1985-ல் நின்ற இரும்பு உலையை இடிக்காமல் பூங்காவாக்கினார்கள். வாயு சேமித்த தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். உன் வீட்டுப் பக்கத்திலேயே எச்.எம்.டி. கடிகார அருங்காட்சியகம் இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் 1936-ல் தொடங்கிய, பல்பு செய்த மைசூர் லேம்ப்ஸ், பையப்பனஹள்ளியில் டிரான்ஸ்ஃபார்மர் செய்த என்.ஜி.இ.எஃப். என்று இரண்டு பெரிய இடம் அரசு கையில் இருக்கிறது. பூங்கா வருகிறது, காட்சிக்கூடம் வருகிறது என்று செய்தி வந்தபடி இருக்கிறது. வரட்டும், எனக்கும் சந்தோஷம். ஒரே ஒரு வருத்தம்: அங்கே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின, பல்பு ஊதின ஆட்களின் பேரன்கள் டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க மட்டும் வரக் கூடாது. உன் ப்ராஜெக்டில் ஒரு ஷெட்டையாவது வேலை நடக்கிற இடமாகக் காட்டு. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு இருந்திருக்கலாம், பல்பு ஆலையில் பாதரசம் இருந்திருக்கலாம் என்பதையும் வரைபடத்தில் குறி. இதைக் குறித்த மாணவர் வரைபடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

ராஜாஜிநகரில் அப்பா நடத்திய டூல்ரூம் (அச்சு, டை செய்யும் பட்டறை) ஷெட், 9,000 சதுர அடி, மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பில்டர் கேட்கிறார். தம்பி ஆன்லைன் கம்பெனிக்குக் கோடவுனாக விடலாம் என்கிறான். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. வேறு வழி இருக்கிறதா?
— வாசகர், ராஜாஜிநகர், பெங்களூரு

இருக்கிறது. உங்கள் அப்பா காலத்திலேயே இருந்த வழிதான். 1958-ல் சென்னையில் கிண்டி தொழிற்பேட்டை திறந்தபோது செய்தது இதுதான். ஷெட்டைக் கட்டி, மின்சாரம் கொடுத்து, கையில் தொழில் உள்ளவனைக் கூப்பிட்டார்கள். உங்கள் ராஜாஜிநகர் தொழிற்பேட்டையும் அதே தலைமுறைதான். சிங்கப்பூர் இடம் இல்லாமல் அதையே மாடி மாடியாக அடுக்கியது. இன்று ஊருக்கு வெளியே அறுபது கிலோமீட்டர் தள்ளித்தான் புதிய தொழிற்பேட்டை போடுகிறார்கள். ஊருக்குள் உங்கள் ஷெட் மாதிரி எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன.

ஓய்வுபெறும் முன் ஒரு இளைஞருக்கு ஷெட் பார்த்துக் கொடுக்கப் போயிருந்தேன். ட்ரோனுக்கு உதிரி செய்கிறவர். சலுகை, மானியம் என்று உரிமையாளர் பேசிக்கொண்டே வந்தார். அந்தப் பையன் காதில் வாங்கவே இல்லை. கேட்டில் நின்று, லாரி உள்ளே வந்து திரும்புமா என்று காலடி வைத்து அளந்தார். பேனல் போர்டைத் திறந்து எத்தனை கிலோவாட் என்று பார்த்தார். பிறகு பின்னால் போய்ப் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்தார். அவரிடம் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கடைசியாகக் கேட்டது: "இன்று சாவி கொடுத்தால் என்றைக்கு மிஷின் ஓடும்?" புதுத் தொழில்காரர்கள் எல்லோரும் கேட்பது இந்த ஒன்றைத்தான். உரிமையாளரிடம் பதில் இல்லை. பையன் வேறு இடம் போய்விட்டார்.

உங்கள் 9,000 அடியை ஆறு, ஏழு யூனிட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர். கம்ப்ரஸர், ஜெனரேட்டர், சரக்கு இறக்கும் இடம் பொது. பழைய மின் ஒதுக்கீட்டை நீங்கள் ஒப்படைத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். ஒப்படைக்கவில்லை என்றால் அதுதான் உங்கள் பெரிய சொத்து. நிலம் மாஸ்டர் பிளானில் தொழில் மண்டலமா, காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) யார் பெயரில், அப்பா வாங்கிய கடன் இ.சி.யில் (வில்லங்கச் சான்றிதழ்) இன்னும் தொங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உள் வாடகைக்கு விட ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். தொழிற்பேட்டை மனை என்றால் ஒதுக்கீட்டு நிபந்தனையில் தடை இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்திருந்தால் கூலிக்காரர் வைத்துச் சுத்தியலால் தட்டாதீர்கள். நனைத்து, முழுத் தகடாகக் கழற்றத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கோடவுன் தப்பில்லை. ஆனால் அதே 9,000 அடியில் ஏழு பட்டறை ஓடினால் நாற்பது, ஐம்பது பேர் மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் தெருவில் இறங்குவார்கள். ஒருவர் காலி செய்தாலும் ஆறு பேர் வாடகை வரும். கோடவுன்காரர் போனால் மறுபடி பூட்டுத்தான். தம்பியிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஷெட் நடுவில் கேன்ட்ரி கிரேன் (பளு தூக்கி நகர்த்தும் இயந்திரம்) இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்பார். கொடுக்காதீர்கள். டை மாற்றவும் மிஷின் இறக்கவும் முதல் நாளிலிருந்து ஏழு பேருக்கும் அது வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, சோதனைச் சான்றிதழைப் புதுப்பித்து வையுங்கள்.